மானிட்டரிங், பேட்ச் சாஃப்ட்வேர் விற்றவர்கள் சிக்கல் வந்த அன்று எப்படி நடந்துகொண்டார்கள்? உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

சர்வர் கண்காணிப்பு, பேட்ச் (சாஃப்ட்வேர் ஓட்டைகளை அடைக்கும் திருத்தம்), இன்வென்டரி (நம்மிடம் என்னென்ன மெஷின், சாஃப்ட்வேர் இருக்கிறது என்ற பட்டியல்) மூன்றும் ஒரே இடத்தில் வரும்படி ஒரு சாஃப்ட்வேர் வாங்கலாம் என்று எங்கள் நிறுவனத்தில் பேச்சு ஓடுகிறது. வசதிகளை ஒப்பிடும் அட்டவணை யாரும் அனுப்ப வேண்டாம், எல்லா வெண்டரும் எல்லாக் கட்டத்திலும் டிக் போட்டுத்தான் தருகிறார்கள். எனக்குத் தெரிய வேண்டியது, வாங்கிய பிறகு ஏதாவது கோளாறு வந்தபோது அவர்கள் நேராகப் பேசினார்களா, இல்லை பூசி மெழுகினார்களா என்பதுதான்.

என் பங்குக்கு ஒன்று. முன்பு ஒரு கருவியைச் சோதித்துப் பார்த்தோம். டெமோவில், ஏஜென்ட் (ஒவ்வொரு சர்வரிலும் நிறுவும் சிறு புரோகிராம்) எதுவும் வேண்டாம், கொஞ்ச நேரத்தில் எல்லா சர்வரும் திரையில் வந்துவிடும் என்றார்கள். வந்ததும் உண்மைதான். ஆனால் நிறுவும்போது முதல் பக்கமே டொமைன் அட்மின் கணக்கையும் (நிறுவனத்தின் விண்டோஸ் மெஷின்கள் எல்லாவற்றையும் ஆளும் கணக்கு) பாஸ்வேர்டையும் கேட்டது, அடுத்த பக்கத்தில் அந்தக் கருவியின் ஃபோல்டர் முழுவதையும் ஆன்ட்டிவைரஸ் பார்க்காதபடி விலக்கிவிடுங்கள் என்று ஒரு குறிப்பு. ஒரு சர்வரில் சிபியு எவ்வளவு ஓடுகிறது என்று படிப்பதற்கு டொமைன் அட்மின் எதற்கு என்று கேட்டேன். "எல்லாக் கஸ்டமரும் அப்படித்தான் சார் கொடுக்கிறார்கள்" என்றார் சேல்ஸ்காரர். எந்தெந்த அனுமதி இருந்தால் போதும் என்று எழுத்தில் கொடுங்கள், அதுவரை நிறுவ மாட்டோம் என்று பிடிவாதமாக நின்ற பிறகுதான் அவர்களுடைய பொறியாளர் ஒருவர் லைனுக்கு வந்தார். டபிள்யூஎம்ஐ (விண்டோஸ் மெஷினின் நிலவரத்தைச் சொல்லும் அமைப்பு) படிக்கும் உரிமையோடு, பெர்ஃபார்மன்ஸ் மானிட்டர் குழுவில் ஒரு சாதாரண சர்வீஸ் கணக்கு இருந்தால் கண்காணிப்புக்குப் போதும், பேட்ச் போடும் பகுதிக்குத்தான் கூடுதல் உரிமை வேண்டும் என்று அவரே சொன்னார். அவ்வளவு எளிய விஷயம் அவர்கள் ஆவணத்தில் ஒரு வரிகூட இல்லை. வீட்டை எட்டிப் பார்க்க வந்தவர் பீரோ சாவியையும் சேர்த்துக் கேட்ட மாதிரி இருந்தது.

நீங்கள் சொல்லுங்கள். பிரச்சினை வந்த நிறுவனத்தின் பெயர் வேண்டாம், நடந்தது மட்டும் போதும்.

பதில்: பல நிறுவனங்களுக்கு ஐடி பார்த்துக்கொடுக்கும் இடத்தில் வேலை செய்பவர்

சார், அந்த ஆன்ட்டிவைரஸ் விலக்கு விஷயத்தைச் சும்மா விடாதீர்கள். 2021 ஜூலை 2 அன்று காசெயா விஎஸ்ஏ என்ற, மெஷின்களைத் தொலைவிலிருந்து நிர்வகிக்கும் சாஃப்ட்வேர் வழியாக ரேன்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்பது) பரவியதே, அதில் இதுவும் ஒரு காரணம். ஏஜென்ட் வேலை செய்யும் ஃபோல்டரை ஸ்கேனிலிருந்து விலக்கிவைக்கச் சொல்லியிருந்தார்கள், உள்ளே வந்தவர்கள் ஹாட்ஃபிக்ஸ் (அவசரத் திருத்தம்) என்ற பெயரில் நேராக அதே ஃபோல்டரில்தான் தங்கள் ஃபைலை இறக்கினார்கள். நேரடியாக அடிபட்ட வாடிக்கையாளர்கள் 60க்கும் குறைவு என்று அந்த நிறுவனம் சொன்னது. ஆனால் அவர்களில் பெரும்பாலோர் எங்களைப் போலப் பிறருக்கு ஐடி நடத்துபவர்கள் ஆயிற்றே, அதனால் கீழே 1,500 நிறுவனங்கள் வரை பாதிப்பு போனது. ஸ்வீடனில் கூப் அங்காடிகள் நூற்றுக்கணக்கில் மூடப்பட்டன, பில் போடும் மெஷின் ஓடவில்லை. இத்தனைக்கும் கூப் அந்த சாஃப்ட்வேரை வாங்கியதே இல்லை, அவர்களுக்கு சர்வீஸ் கொடுத்த நிறுவனம் வழியாக வந்து சேர்ந்தது.

அந்த ஓட்டைகளை நெதர்லாந்தின் தன்னார்வ ஆய்வாளர்கள் ஏப்ரல் மாதமே நிறுவனத்திடம் சொல்லியிருந்தார்கள். சில அடைபட்டுவிட்டன, மிச்சத்துக்கு வேலை நடந்துகொண்டிருந்தது, அதற்குள் எதிராளி முந்திக்கொண்டான். நிறுவனம் தங்களோடு ஒத்துழைத்தது என்றுதான் அந்த ஆய்வாளர்களே எழுதினார்கள். அதனால் அவர்களை வெறும் வில்லனாகப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. நல்ல எண்ணம் இருந்தும் இப்படி நடக்கும் என்பதுதான் பயமே.

அந்த வாரம் எங்கள் வெண்டரிடம் (அவர்கள் வேறு) ஒரே ஒரு கேள்வி கேட்டோம்: உங்கள் ஏஜென்ட்டுக்கும் இந்த விலக்கு தேவையா? முதலில் வந்த மெயில், "பாதுகாப்பே எங்கள் முதல் முன்னுரிமை" வகையறா. திரும்பக் கேட்டோம், அதே மெயில் வேறு கையெழுத்தோடு வந்தது. ரின்யூவல் பேச்சை நிறுத்திவைக்கிறோம் என்று எழுதிய பிறகுதான், விலக்கு ஃபோல்டருக்கு இல்லை, இரண்டு ஃபைலுக்கு மட்டும் இருந்தால் போதும் என்று உருப்படியான பதில் வந்தது.

பதில்: ஹெல்ப்டெஸ்க்கிலிருந்து

எஸ்எல்ஏவை, அதாவது எவ்வளவு நேரத்தில் கவனிப்போம் என்ற ஒப்பந்த வாக்குறுதியை, எழுத்தெண்ணிப் படியுங்கள் ப்ரோ. எங்கள் ஒப்பந்தத்தில் அவசர டிக்கெட்டுக்கு ஒரு மணி நேரம் என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அது பதில் தரும் நேரம், சரிசெய்யும் நேரம் இல்லை. "உங்கள் டிக்கெட் கிடைத்தது" என்று தானாகப் போகும் மெயிலும் பதில் கணக்கில் சேர்ந்துவிடும். பேட்ச் டேஷ்போர்டு பச்சையாக இருக்கிறது, சர்வர்களோ ரீபூட்டுக்காகக் காத்துக் கிடக்கின்றன, அதாவது பேட்ச் பாதியில் நிற்கிறது. இதைச் சொல்லி டிக்கெட் போட்டால் லாக் அனுப்புங்கள் என்றார்கள், அனுப்பினோம், ஷிஃப்ட் மாறியது, புதிதாக வந்தவர் மறுபடி லாக் கேட்டார். அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை இரவு, கஸ்டமரிடமிருந்து பதில் இல்லை என்று டிக்கெட் தானாக மூடிக்கொண்டது! பச்சை என்றால் என்ன அர்த்தம் என்ற கேள்விக்கு மட்டும் கடைசி வரை பதில் இல்லை.

பதில்: செக்யூரிட்டி பக்கம் இருப்பவர்

நம்பிக்கை என்றதும் எல்லோரும் சோலார்விண்ட்ஸ் கதையைத்தான் இழுப்பார்கள், நானும் இழுக்கிறேன், ஆனால் வேறு காரணத்துக்காக. 2020இல் அவர்களுடைய ஓரியன் என்ற மானிட்டரிங் சாஃப்ட்வேரின் அப்டேட்டிலேயே விஷம் (தாக்குபவர்கள் நுழைத்த கோட்) கலந்திருந்தது. டிஜிட்டல் கையொப்பம் சரி, வந்த இடம் சரி, நாம் சரிபார்க்கச் சொல்லிக்கொடுத்த எல்லாமே சரி. சுமார் 18,000 வாடிக்கையாளர்கள் வரை அதை இறக்கியிருக்கக்கூடும் என்று நிறுவனமே சொன்னது, உண்மையில் குறிவைத்து உள்ளே போனது அதில் மிகச் சிலரிடம். டிசம்பரில் கண்டுபிடித்தது விற்றவர் இல்லை, அதை வாங்கிப் பயன்படுத்திக்கொண்டிருந்த ஃபயர்ஐ என்ற சைபர் பாதுகாப்பு நிறுவனம். விற்றவருக்கே தெரியாதபோது அவரிடம் கேட்டு என்ன ஆகப்போகிறது?

அதனால் நான் வெண்டரிடம் கேட்பதைவிட நம் பக்கத்தில் செய்வதைத்தான் பெரிதாக நினைக்கிறேன். அந்த சர்வர் வெளி இணையத்துக்குப் போகும் வழியை ஃபயர்வாலில் அடைத்திருந்தால் அந்தத் தாக்குதல் செயலிழந்திருக்கும் என்பதை அமெரிக்க சைபர் பாதுகாப்பு முகமையான சிசாவே 2021இல் ஒரு செனட்டருக்கு எழுதிய பதிலில் ஒப்புக்கொண்டது. மானிட்டரிங் சர்வர் உலகம் முழுக்கப் பேச வேண்டிய அவசியமே இல்லை. எந்தெந்த முகவரிக்கு, எந்த போர்ட்டில் போக வேண்டும் என்று வெண்டரிடம் பட்டியல் வாங்கி அதை மட்டும் திறங்கள். பட்டியல் தர முடியாத வெண்டர் என்றால், தன் சாஃப்ட்வேர் யாரோடு பேசுகிறது என்று அவருக்கே தெரியவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

பதில்: டேட்டா சென்டர் ஆள்

எல்லோரும் திட்டிக்கொண்டே இருக்கிறீர்கள், நல்லது ஒன்றும் சொல்கிறேன். நாங்கள் ஓட்டும் ஒரு கருவியின் புது வெர்ஷன் வந்த மறுநாள் காலையில், நாங்கள் எதையும் கவனிப்பதற்கு முன்பே அவர்களிடமிருந்து மெயில்: கலெக்டர் (தகவல் சேகரிக்கும் புரோகிராம்) மெமரியைத் தின்றுகொண்டே போகிறது, அப்டேட் போடாதவர்கள் நிறுத்திவையுங்கள், போட்டவர்கள் பழைய வெர்ஷனுக்கு இப்படித் திரும்புங்கள் என்று வரிசையாக. அடியில் டைரக்ட் நம்பரோடு ஓர் ஆளின் பெயர். அடுத்த வாரம், தங்கள் சோதனையில் அது எப்படித் தப்பியது என்று ஓர் அறிக்கை. எங்கள் மேனேஜர் அதைப் படித்துவிட்டு, "இவ்வளவு ஓட்டையா, வேறு பார்ப்போமா" என்று ஆரம்பித்தார். எனக்கு அது நேர் எதிராகப் பட்டது. சொல்லாத வெண்டரிடம் ஓட்டை இல்லை என்றா அர்த்தம்?

இன்னொன்று. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு சாஃப்ட்வேரின் பழுதான அப்டேட்டால் மெஷின்கள் விழுந்த விவகாரத்தில் பலர் அதிர்ந்ததற்குக் காரணம் நீலத்திரை மட்டும் இல்லை. ஒரு வெர்ஷன் பின்தங்கியே இருக்கிறோம், முதலில் சோதனை மெஷினுக்குத்தான் போகும் என்று நிம்மதியாக இருந்தவர்களின் மெஷினும் விழுந்தது. அந்த அமைப்பு சென்ஸர் (மெஷினில் ஓடும் அவர்களுடைய புரோகிராம்) வெர்ஷனுக்கு மட்டும்தான், அன்றைக்கு வந்த கன்டென்ட் ஃபைலுக்கு (தாக்குதல்களை அடையாளம் காண அந்தப் புரோகிராம் படிக்கும் தகவல்) அது பொருந்தவில்லை. பழுதான ஃபைலை 78 நிமிடத்தில் திரும்ப எடுத்துவிட்டார்கள், அதற்குள் 85 லட்சம் விண்டோஸ் மெஷின் என்று மைக்ரோசாஃப்ட் கணக்குச் சொன்னது. அதன் பிறகு ஒவ்வொன்றாக சேஃப் மோடில் போய் ஃபைலை அழித்தவர்களுக்குத் தெரியும், பிட்லாக்கர் கீ (பூட்டிய டிஸ்க்கைத் திறக்கும் எண்) அந்த விழுந்த சர்வரிலேயே இருந்தால் என்ன கதி என்று. ஆகவே டெமோவில் கேளுங்கள்: அப்டேட்டில் எத்தனை வகை, எந்த வகையை நான் நிறுத்திவைக்க முடியும், எந்த வகை என்னைக் கேட்காமல் இறங்கும்? கிரவுட்ஸ்ட்ரைக்கே பிற்பாடு அந்தக் கட்டுப்பாட்டை வாடிக்கையாளர் கையில் கொடுப்பதாக அறிவித்தது.

பதில்: சர்வீஸ் டெஸ்க் கருவி மாற்றியவர்

வெளியே வரும் வழியை யாரும் பேசவில்லையே. எங்கள் வெண்டரை வேறொரு நிறுவனம் வாங்கியது, அடுத்த ரின்யூவலில் விலை ஏறியது, சரி கிளம்புகிறோம் என்றோம். தரவு முழுவதும் உங்களுடையது, எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று சொன்னவர்கள் கொடுத்தது ஒரு சிஎஸ்வி (வெறும் அட்டவணை ஃபைல்). அதில் சர்வர் பெயர் இருக்கிறது, அப்ளிகேஷன் பெயர் இருக்கிறது, எந்த அப்ளிகேஷன் எந்த சர்வரில் என்ற இணைப்பு மட்டும் இல்லை. வருடக்கணக்கில் உட்கார்ந்து கோர்த்தது முழுக்க அந்த இணைப்பில்தானே இருந்தது. ட்ரையலிலேயே எக்ஸ்போர்ட் எடுத்து இன்னொரு இடத்தில் ஏற்றிப் பாருங்கள்.

கிளவுட் என்றால் பேக்அப் அவர்கள் பாடு என்றும் இருக்க வேண்டாம். 2022 ஏப்ரலில் அட்லாசியன் என்ற கிளவுட் சாஃப்ட்வேர் நிறுவனத்தில் பழைய ஆப் ஒன்றை நீக்க ஓடிய ஸ்கிரிப்டுக்கு ஆப்பின் ஐடிக்குப் பதிலாக சைட்டின் ஐடியைக் கொடுத்துவிட்டார்கள். 775 வாடிக்கையாளர்களின் தளங்கள் போயின, சிலருக்குத் திரும்பக் கிடைக்க 14 நாள் வரை ஆனது. இதில் கொடுமை, சப்போர்ட்டில் டிக்கெட் போட சைட் முகவரி வேண்டும், சைட்டே இல்லை. வாடிக்கையாளரின் தொடர்பு விவரமும் அதோடு அழிந்திருந்தது. பின்னர் அவர்கள் வெளியிட்ட அறிக்கை நேர்மையாகத்தான் இருந்தது, பொதுவில் பேசத் தாமதித்தோம் என்பதையும் ஒளிக்கவில்லை. ஆனாலும் உங்கள் வெண்டரின் சப்போர்ட்டுக்கு, அந்த சாஃப்ட்வேர் விழுந்து கிடக்கும்போது போய்ச்சேர ஒரு வழி இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள்.

தொடங்கியவர் மறுபடியும்

எல்லோருக்கும் நன்றி. நஷ்டஈட்டுப் பகுதியையும் படித்தேன், எந்த ஒப்பந்தத்திலும் பொறுப்பு கடந்த 12 மாதத்தில் கட்டிய தொகையைத் தாண்டவில்லை. எங்கள் சட்டப் பிரிவு பேசிப் பார்த்தது, ஒருவரும் இறங்கி வரவில்லை. பணத்தை விட்டுவிட்டு, பாதுகாப்புச் சிக்கல் தெரிந்தால் எத்தனை மணி நேரத்துக்குள் யார் யாருக்குச் சொல்வார்கள் என்பதை ஒப்பந்தத்தில் எழுதச் சொன்னோம், அதற்கு ஒத்துக்கொள்கிறார்கள்.

இங்கே வந்த கேள்விகளைத் தொகுத்து, இறுதிச் சுற்றில் இருப்பவர்களுக்கு அனுப்பினேன். ஒருவர் முகவரி, போர்ட் பட்டியலோடு நீளமாக எழுதியிருக்கிறார், இரண்டு கேள்விக்கு "இப்போதைக்கு எங்களால் முடியாது" என்று வெளிப்படையாகவும் போட்டிருக்கிறார். இன்னொருவர் அதே பிரோஷரை மறுபடி அனுப்பினார். மூன்றாமவர், இதையெல்லாம் மெயிலில் வேண்டாம் சார், ஃபோனில் பேசிக்கொள்வோம் என்றார், அவரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன்.