நடு ஓட்டை உடைஞ்ச சமாரியர் விளக்கு: தோண்டினவங்க கைத்தவறா?

சென்னிமலை டீச்சர்:
மருமகன் வேலையா இஸ்ரேல் போனப்ப, அருங்காட்சியகத்துல ஒரு மண்விளக்கைப் படம் புடிச்சு அனுப்பியிருக்காருங்க. சமாரியர் விளக்காம். நம்ம கிளியாஞ்சட்டி மாதிரி வாய் தொறந்து இல்லை. மேலயும் மூடி, ஆமைக்குஞ்சு மாதிரி இருக்குது. ஏணி ஏணியாக் கோடு, நடுவுல புள்ளி வளையம். திரி வைக்கிற மூக்கு ஓட்டை வழவழன்னு இருக்குது. எண்ணெய் ஊத்தற ஓட்டை மட்டும் எலி கடிச்ச மாதிரி. தோண்டும்போது உடைச்சுட்டாங்களோ?

போத்தனூர்க்காரன்:
உடைச்சது வாங்கினவங்கதானுங்கக்கா. சமாரியர்னா யூதருக்கு உறவான பழைய சமயக் கூட்டமுங்க. அவங்களுக்கு மோசேயோட ஐந்து ஆகமம் மட்டுந்தான் வேதம். அதுல எண்ணாகமம் 19:15, சாவு விழுந்த எடத்துல மூடி கட்டாத பாத்திரமெல்லாம் தீட்டுங்குது. மண்பாத்திரம் தீட்டுப்பட்டா உடைச்சே போடோணும், லேவியராகமம் 11:33. மூடியே இருந்தா அந்தத் தீட்டு ஒட்டாது. அதனால குயவர் நடு ஓட்டையை மூடியே விப்பாரு, வாங்கினவங்க உடைச்சுக்குவாங்கன்னு ஆய்வாளர்கள் சொல்றாங்க. இந்த மாதிரி விளக்கு இஸ்ரேல் கடலோரத்துப் பழைய ஊருங்க செசரியா, அப்பொலோனியா பக்கம் கிடைச்சிருக்குது. சிலதுல ஏழு கிளை விளக்குத்தண்டு, சமாரிய எழுத்துல வேத வாசகம்கூட உண்டு. சமாரியர் இன்னிக்கும் இருக்கறாங்க. அவங்க புனித மலையான கெரிசீம்லயும், டெல் அவிவ் பக்கத்து ஹோலோன் ஊர்லயும், எல்லாஞ் சேத்து ஆயிரம் பேருக்கும் கம்மி.

சூளைக்காரன்:
எங்கப்பாரு காலத்துல இருந்து சட்டிபானைதானுங்க. அகல் எங்களுக்குச் சக்கரத்துல வர்ற வேலை. இந்த விளக்கு அச்சுவேலை: மேலே ஒரு பாதி, கீழே ஒரு பாதி, மெதுக்கல்லுல வெட்டின அச்சுல மண்ணை அமுக்கி எடுத்து, ஈரத்தோட ஒட்டறது. கோலத்தைக் குழியா வெட்டினாத்தான் விளக்குல மேடா நிக்கும். ஏணிக்கோடு எதுக்கு இத்தனைன்னா, கல்லுல நேர்கோடு இழுக்கறது சுளுவு. இது என் கணிப்புங்க, வேற அர்த்தமும் இருக்கலாம்.

மூக்கு வழவழன்னு இருந்தா அது பச்சை மண்ணுல குத்தின ஓட்டை. அதுவும் நல்லதுதான். உள்ளே கூடா இருக்கிற சாமானுக்கு ஆவி போக வழி இல்லீனா சூளையில வெடிச்சிரும்.

எனக்குப் புரியாதது வேற. நம்ம சனம் சந்தையில சுண்டிப் பாத்து, சத்தம் சரியில்லீனா வச்சிட்டுப் போயிருவாங்க. அங்க வீட்ல போயி உடைக்கறப்ப விரிசல் மூக்கு வரைக்கும் ஓடுச்சுன்னா, நட்டம் யாருதுங்க? அந்த எடத்தை மட்டும் மெல்லிசா அமுக்கியிருக்கோணும்.

சென்னிமலை டீச்சர்:
படத்தைப் பெருசாக்கிப் பாத்தேனுங்க. புள்ளி வளையத்துல பாதியைக் காணோம், ஓட்டையோட போயிருச்சு. உடையப்போற எடத்துலயும் குந்தி கோலம் போட்டிருக்கறாரு பாருங்க அந்த மனுசன்!

சூளைக்காரரே, கார்த்திகைக்கு நாப்பது கிளியாஞ்சட்டி வேணும். போன வருசம் வேற பக்கம் வாங்கி, ராத்திரி பூராத் தண்ணியில ஊறப்போட்டும் எண்ணெயைக் குடிச்சே தீத்துருச்சுங்க.


சூளைக்காரன்:
வேகாத சட்டியா இருக்கும்ங்க. சுண்டிப் பாத்தே எடுத்து வெக்கறேன்.