நாலு ஸ்லாட்டையும் நிரப்பினேன், வேகம் சரிஞ்சுபோச்சு

கம்ப்யூட்டர்ல காலி ரேம் ஸ்லாட்டைப் பார்த்தாலே எனக்குக் கை அரிக்கும். டிடிஆர்5 (டிடிஆர்4-க்கு அடுத்த தலைமுறை ரேம்) போர்டு, ரைசன் 7000 வரிசை பிராசஸர். 16 ஜிபி ரேம் ஸ்டிக் ரெண்டு போட்டு 6000 வேகத்துல நல்லா ஓடிக்கிட்டிருந்துச்சு. வீடியோ எடிட்டிங்குக்குப் பத்தலைன்னு அதே மாடல்ல இன்னொரு ஜோடி வாங்கிச் சொருகினேன்.

ஆன் பண்ணினா ஃபேன் சுத்துது, திரை கறுப்பு. ரெண்டு நிமிஷம் பொறுத்துட்டு, பதறிப்போய் அணைச்சேன். மறுபடி போட்டேன், மறுபடி கறுப்பு. புது ரேம் ஏறினதும் போர்டு அதைப் பழக்கிப் பார்க்கும், சில நிமிஷம் பிடிக்கும், நடுவுல அணைச்சா முதல்லேருந்து தொடங்கும்கிறது அப்போ தெரியாது. மூணாவது தடவை அலுத்துப்போய் அப்படியே விட்டுட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தா விண்டோஸ் வந்திருக்கு! டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். 64 ஜிபி. கீழே வேகம்: 3600.

எக்ஸ்போவை (ரேம் பெட்டியில போட்டிருக்கிற கூடுதல் வேகத்துக்கு ஏத்துற போர்டு அமைப்பு) ஆன் பண்ணினா பூட்டே ஆகலை. கையால 5200 வச்சேன். பூட் ஆச்சு, ஆனா ரேமைச் சோதிக்கிற மெம்டெஸ்ட்86 ரெண்டாவது சுத்துல சிவப்பு சிவப்பா பிழை காட்டுச்சு. அப்புறம்தான் பிராசஸரோட விவரப் பக்கத்தைப் படிச்சேன் (வாங்குறதுக்கு முன்னாடி படிச்சிருக்கணும்). எக்ஸ்போ இல்லாம ரெண்டு ஸ்டிக்குக்கு 5200, நாலுக்கு 3600ன்னு ரைசன் தயாரிக்கிற ஏஎம்டியே போட்டிருக்காங்க. ஸ்லாட் நாலு இருந்தாலும் சேனல் (ரேமுக்கும் பிராசஸருக்கும் நடுவுல இருக்கிற பாதை) ரெண்டுதான். ஒரே சேனல்ல ரெண்டு ஸ்டிக் தொங்கினா சிக்னல் தடுமாறும், அதான் வேகத்தை இறக்குது. கடைசியில ரெண்டு ஜோடியையும் வித்துட்டு 32 ஜிபி ஸ்டிக் ரெண்டு உள்ள கிட்டா வாங்கினேன். இப்போ 6000. ரெண்டு ஸ்லாட் காலியாத்தான் கிடக்கு.

*

நான் இதைவிட மோசம் சார். டிடிஆர்4, 3200, ரெண்டு 8 ஜிபி ஸ்டிக். தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. பக்கத்துப் பக்கத்து ஸ்லாட்ல மாட்டிட்டு, கேம் ஏன் திக்குதுன்னு மாசக்கணக்கா டிரைவர் மாத்திக்கிட்டிருந்தேன். ஒருநாள் கம்ப்யூட்டர் விவரம் காட்டுற சிபியு-இசட்டைத் திறந்தா 'சிங்கிள்'னு இருக்கு, அதாவது ஒரே சேனல்தான் ஓடுது. பிராசஸர் பக்கமிருந்து எண்ணி 2, 4-ம் ஸ்லாட்டுக்கு மாத்தினேன். நொடிக்கு 25.6 ஜிபி கடத்தின பாதை 51.2 ஆச்சு. பிராசஸருக்குள்ளேயே இருக்கிற கிராஃபிக்ஸ், ரேமைத்தான் கடன் வாங்குது, அதனால வித்தியாசம் கண்ணுக்கே தெரிஞ்சுச்சு. ஒரு பைசா செலவில்லை. அந்த ஸ்லாட் படம் போர்டு புத்தகத்துலயே இருந்துச்சுங்கிறதுதான் எரிச்சல்.

*

நாலு ஸ்டிக்னாலே ஆகாதுன்னு பயமுறுத்தாதீங்க. என் டிடிஆர்4 மெஷின்ல நாலு 8 ஜிபி, 3200-லயே வருஷக்கணக்கா ஓடுது. டிடிஆர்5-லதான் இந்தப் பாடு. நான் சறுக்கினது வேற இடம்: வேகத்தை மட்டும் பார்த்து 5600, சிஎல்46 வாங்கினேன் (சிஎல்னா ரேம் பதில் தர எத்தனை சுற்று காத்திருக்கணும்கிற எண்). சிஎல்லை 2000-ஆல பெருக்கி வேகத்தால வகுத்தா தாமதம் நானோசெகண்டுல வரும். எனக்கு 16-க்கு மேல. என் பழைய 3200 சிஎல்16-க்கு 10. உங்க 6000 கிட் சிஎல் எத்தனை? 30-ன்னா அதுவும் 10தான்.

*

முதல்ல எழுதினவன்தான்; என்னோடது சிஎல்36 நண்பரே. 12 வருது. இப்பத்தான் போட்டுப் பார்த்தேன்.