சிட்னி மேற்கில் 2.5 ஹெக்டேர் கம்பர்லாந்துச் சமவெளிக் காடு: எங்கே தொடங்குவது?

கேள்வி – கேம்டன்காரர்

கேம்டன் பக்கம் நிலம், ஷேல் பாறை மேல் களிமண். கிரே பாக்ஸ், ஃபாரஸ்ட் ரெட் கம் என்ற யூகலிப்டஸ் வகைகள் பெரிய மரங்களாக நிற்கின்றன. வேலியோரம் ஆப்பிரிக்க ஒலிவ் மண்டிவிட்டது. நடுவில் புல், இடையிடையே முள்ளுள்ள பர்சேரியா புதர். டோசர் விட்டு ஒலிவைத் தள்ளிவிட்டு, புல்லைச் சிரைத்து, 500 யூகலிப்டஸ் கன்று வைக்கலாமா? இன்னொன்று: ஊரில் தைலமரம் என்று வெறுக்கும் மரத்தை இங்கே ஏன் காப்பாற்ற வேண்டும் என்று வீட்டில் கேட்கிறார்கள்.

மறுமொழி – புல்லடி

டோசர் வேண்டவே வேண்டாம். கன்றுகளும் இப்போது வேண்டாம். நீங்கள் சிரைக்க நினைக்கும் புல்தான் இந்தக் காட்டின் பாதி உயிர். மரம் மீண்டும் முளைத்துவிடும். புல்லும் அதனூடே வளரும் சிறு செடிகளும் ஒருமுறை போனால் திரும்பக் கொண்டுவருவது மிகக் கடினம். கம்பர்லாந்துச் சமவெளிக் காட்டில் பத்தில் ஒரு பங்குகூட மிச்சமில்லை. மாநிலச் சட்டம், மத்தியச் சட்டம் இரண்டிலும் 2009 முதல் மிக அருகிய நிலைப் பட்டியலில் இருக்கிறது. அனுமதியில்லாமல் இயந்திரம் இறக்கினால் சட்டச் சிக்கலும் வரும்.

முதலில் அளந்து பாருங்கள். ஒரு மீட்டர் சதுரச் சட்டகம் செய்து, நிலத்தில் பத்துப் பதினைந்து இடங்களில் வையுங்கள். சட்டகத்துக்குள் இருக்கும் பல்லாண்டுத் தாவரங்களில் உள்ளூர் இனங்கள் எவ்வளவு பரப்பை மூடியிருக்கின்றன என்று எழுதுங்கள். ஓராண்டுக் களைகள் கணக்கில் சேராது. துண்டு அரை ஹெக்டேராவது இருந்து, அந்தப் பங்கு 50 சதவீதத்தைத் தொட்டால் மத்தியப் பாதுகாப்புக்குத் தகுதி உண்டு. 30 சதவீதமே இருந்தாலும், ஹெக்டேருக்கு ஒரு பொந்து மரமோ 80 செ.மீ. விட்டமுள்ள பெரிய மரமோ நின்றால் தகுதி பெறலாம். வறட்சியில் எண்ணாதீர்கள், மழை பெய்து புல் தழைத்த பிறகு எண்ணுங்கள்.

அடையாளம் இப்படி: கங்காரு புல்லும் மைக்ரோலேனாவும் உள்ளூர்ப் புற்கள். கங்காரு புல்லின் கதிர் செம்பழுப்பு, கருத்த நீள முள்ளோடு தொங்கும். மைக்ரோலேனாவின் இலையில் நுனிக்குச் சற்று முன் கிள்ளியது போல ஒரு இடுக்கு தெரியும். ஆப்பிரிக்க லவ்கிராஸ் களை. காய்ந்த இலைநுனி தலைமுடி மாதிரிச் சுருளும்.

தைலமரக் கேள்வி நியாயமானது. உங்கள் ஃபாரஸ்ட் ரெட் கம் மரமும் தமிழ்நாட்டுத் தோப்புகளில் பரவலாக நட்ட தைலமரங்களில் ஒன்றும் ஒரே இனம், யூகலிப்டஸ் டெரெடிகார்னிஸ். அங்கே அது வந்தேறி, இங்கே அது மண்ணின் மரம். கங்காரு புல்லோ நீலகிரிப் புல்வெளியிலும் இயல்பாக வளர்வது. அங்கே யூகலிப்டஸும் வாட்டில் என்ற வேல வகை மரமும் அந்தப் புல்வெளியை விழுங்குகின்றன. இங்கே ஒலிவ் விழுங்குகிறது.

மறுமொழி – ட்ரில்லும் புட்டியும்

ஒலிவ் பற்றி மட்டும். களையெடுத்துக் காட்டை மீட்கப் பிராட்லி சகோதரிகள் சிட்னியில் வகுத்த முறைதான் அடிப்படை: நல்ல இடத்திலிருந்து கெட்ட இடத்தை நோக்கி நகருங்கள். வேலியோரக் காட்டைக் கடைசிக்கு வையுங்கள். நல்ல புல்லுக்குள் முளைத்த ஒலிவ் கன்றுகளை, மழைக்குப் பின் மண் இளகியிருக்கும்போது வேரோடு பிடுங்கி, கிளறிய மண்ணைக் காலால் அழுத்திவிடுங்கள்.

பெரிய மரத்துக்கு ட்ரில். அடிமரத்தில், தரையை ஒட்டி, கீழ்நோக்கிச் சாய்வாகத் துளை. துளைக்குத் துளை 5 செ.மீ.க்கு மேல் போகக்கூடாது. ஆழம் அதிகம் வேண்டாம். சாறு ஓடுவது பட்டைக்கு அடுத்த வெளிக்கட்டையில்தான், நடுக்கட்டையில் ஊற்றும் மருந்து வீண். ஒரு துளை போட்டதும் பதினைந்து விநாடிக்குள் கிளைபோசேட் களைக்கொல்லியை நிரப்பிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். எல்லாத் துளையும் போட்டுவிட்டு மொத்தமாக ஊற்றுவதுதான் பலர் செய்யும் தவறு. அதற்குள் மரம் வாயை மூடிக்கொள்ளும். அடியிலிருந்து ஐந்தாறு தண்டுகள் பிரிந்திருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனியாக. ஒன்றை விட்டாலும் அங்கிருந்து தழைக்கும். மருந்தின் அளவு லேபிளில் உள்ளபடி.

செத்த மரத்தை வெட்டாமல் நிற்க விடுங்கள். இலை மெல்ல உதிர்ந்தால் வெளிச்சம் மெல்ல வரும். ஒரே நாளில் திறந்துவிட்டால் அந்த வெற்றுத் தரையைக் களை பிடித்துக்கொள்ளும். அடுத்த ஆண்டு திரும்ப வந்து களையெடுக்க உங்களால் முடிகிற அளவுக்கு மட்டும் கொல்லுங்கள்.

கேள்வி – கேம்டன்காரர்

நன்றி. நெருப்பு வைத்தால் ஒலிவ் ஒரேயடியாகப் போகாதா? புல்லை எப்போது வெட்டுவது?

மறுமொழி – புல்லடி

அடர்ந்த ஒலிவ் நிழலில் எரியப் புல்லே இருக்காது. பெரிய மரம் எரிந்தாலும் அடியிலிருந்து தழைக்கும். நெருப்பு ஒலிவுக்கு அல்ல, புல்லுக்குத் தேவை. பல ஆண்டுகள் எரிக்காமலும் வெட்டாமலும் விட்டால் கங்காரு புல் தன் சருகுக்குள்ளேயே மூச்சுத் திணறிச் சாகும். எரிப்பதானால் ஒருமுறைக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். அதற்கு முன் லவ்கிராஸைப் புள்ளி புள்ளியாக மருந்தடித்து அடக்குங்கள். தீக்குப் பின் முதலில் எழுவது அதுதான். பொந்து மரங்களின் அடியிலிருந்து சருகை வாரி விலக்குங்கள். அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை தீயணைப்புத் துறை அனுமதிச் சீட்டு கட்டாயம். மற்ற மாதங்களிலும், அருகிய காடு என்பதால், சுற்றுச்சூழல் ஒப்புதல் பெற்ற பிறகே தொடங்குங்கள்.

வெட்டுவதானால் குளிர்கால முடிவில், 10 முதல் 15 செ.மீ. உயரம் விட்டு. கங்காரு புல் டிசம்பர், ஜனவரியில் விதை உதிர்க்கும்; அது முடியும்வரை கத்தி படக்கூடாது. வெட்டிய புல் குவியலாகக் கிடந்தால் அடியில் உள்ளது அழுகும், வாரி எடுங்கள். வெளியிலிருந்து வரும் ஸ்லாஷர் என்ற புல்வெட்டும் இயந்திரத்தைக் கேட்டிலேயே நிறுத்திக் கழுவச் சொல்லுங்கள்.

மறுமொழி – விதைக்கூடை

இரண்டு சேர்க்கிறேன். விழுந்த கட்டையையும் பட்டையையும் 'சுத்தம்' செய்யாதீர்கள். கம்பர்லாந்துச் சமவெளி நத்தை அதனடியில்தான் வாழ்கிறது. அதுவும் அருகிய உயிர். பர்சேரியாவையும் தொடாதீர்கள். புதர் போனால் நாய்சி மைனர் பறவை இடத்தைப் பிடித்துக்கொண்டு சிறு பறவைகளை விரட்டும்.

பழைய மேய்ச்சல் உரம் தங்கிய இடத்தில் களை அடங்காவிட்டால், சிறு பரப்பில் வெள்ளைச் சர்க்கரை போட்டுப் பாருங்கள்: சதுர மீட்டருக்கு அரை கிலோ, மூன்று மாதத்துக்கு ஒருமுறை. மண் நுண்ணுயிர்கள் சர்க்கரையைத் தின்று பெருகும்போது நைட்ரேட்டை இழுத்துக்கொள்ளும். களைக்குத் தீனி குறையும். பத்துச் சதுர மீட்டருக்கே ஒரு முறைக்கு 5 கிலோ ஆகும் என்பதால் பெரிய பரப்புக்குக் கட்டாது. கூடவே கங்காரு புல் விதையும் தூவ வேண்டும். புதிதாக உதிர்ந்த விதை பல மாதம் உறங்கும். கோடையில் சேகரித்ததை ஓராண்டு உலர்வாக வைத்திருந்து தூவுங்கள். உங்கள் நிலமே ஆனாலும், விதை பறிக்கும் முன் உரிமம் தேவையா என்று மாநிலச் சுற்றுச்சூழல் துறையிடம் கேட்டுவிடுங்கள்.