பாடம் எல்லாம் வாட்ஸ்அப்பில், சந்தேகம் கேட்பது எங்கே?

வெள்ளவத்தை அம்மா:
வணக்கம். மகள் தரம் 9, தமிழ் மொழிமூலம். 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக இலங்கையில் பள்ளிக்கூடங்களை மூடியபோது வந்த வாட்ஸ்அப் குறூப் பழக்கம், திறந்த பிறகும் விடவில்லை. விஞ்ஞான நோட்ஸ் இரவு பத்து மணிக்கு என் போனுக்குப் படமாக வருகிறது. பிள்ளை அதைப் பெருப்பித்துப் பெருப்பித்துப் பார்த்துக் கொப்பியில் எழுதுகிறாள். விளங்காததைக் கேட்கலாமென்றால் குறூப்பில் அட்மின் மட்டும்தான் எழுதலாம். தனி போன் வாங்கிக் கொடுப்பதா, டப்லட் வாங்குவதா என்று இவரோடு தினமும் வாக்குவாதம். நீங்களெல்லாம் என்ன செய்கிறீர்கள்?

கொட்டாஞ்சேனை கொமினிகேஷன்:
அக்கா, இரண்டும் வேண்டாம். நான் கொமினிகேஷன் கடை வைத்திருக்கிறேன். அப்பா காலத்தில் கனடாவுக்கும் லண்டனுக்கும் கோல் எடுக்க ஆட்கள் வரிசையில் நின்ற கடை. இப்போது பின்னேரமானால் சீருடையோடு பிள்ளைகள்தான். போன் பூத் இருந்த இடத்தில் பிரின்டர் நிற்கிறது.

போனைக் குறை சொல்லிப் பயனில்லை, படம் எடுக்கிற விதம்தான் சரியில்லை. மின்குமிழுக்குக் கீழே கொப்பியை வைத்து எடுப்பார்கள். பாதிப் பக்கத்தில் டீச்சரின் கை நிழல், மற்றப் பாதி மஞ்சள். அதை அப்படியே பிரின்ட் எடுத்தால் தாள் முழுக்கக் கறுப்பு. டோனர் போவது எனக்கு, கண் போவது பிள்ளைக்கு. டீச்சரிடம் மெதுவாகச் சொல்லிப் பாருங்கள்: கூகுள் டிரைவில் ஸ்கேன் செய்தால் பின்னணி வெளுத்து, பிடிஎஃப் ஆகவே வரும். படமாகத்தான் அனுப்புவேன் என்றால் 'டொக்கியூமன்ட்' ஆக அனுப்பட்டும், வாட்ஸ்அப் அதைச் சுருக்கிக் கெடுக்காது. பாடப்புத்தகம் கல்வி வெளியீட்டுத் திணைக்களத் தளத்தில் தமிழிலேயே இலவசமாகக் கிடக்கிறது, கல்வி அமைச்சின் இணையவழிக் கற்றல் தளமான இ-தக்சலாவவிலும் பாடங்கள் உண்டு. அதில் இருப்பதையே கையால் எழுதிப் படமெடுக்கிற டீச்சர்மாரைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது.

2022இல் தாள் தட்டுப்பாட்டில் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையையே தள்ளிப் போட்டார்களே, அப்போதும் பிள்ளைகள் கடைக்கு வந்தார்கள். பிரின்ட் எடுக்கத் தாள் இல்லை. ஒருவனுடைய போனில் இருந்த கணக்கை நாலு பேர் சுற்றி நின்று, கதைத்துக் கதைத்தே செய்து முடித்தார்கள். கடை வாசலில் பிள்ளைகள் இருக்க வாங்கு போட்டது அதற்குப் பிறகுதான். டீச்சரின் வொய்ஸை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டுச் சிரிப்பதும் அதே வாங்கில்தான், அது வேறு கதை. உங்கள் மகளுக்குப் பக்கத்தில் இரண்டு சிநேகிதிகள் இருந்தால் ஒரே போனில் மூன்று பேரும் படிக்கலாம்.

இன்னும் ஓய்வுபெறாத டீச்சர்:
குறூப்பை மூடியதற்காக எங்களைத் திட்டாதீர்கள். திறந்து வைத்தால் காலையில் சாமிப் படம், மத்தியானம் யாரோ தொலைத்த தண்ணீர்ப் போத்தல், இரவு பதினொன்றுக்கு 'மிஸ், நாளைக்கு வெள்ளைச் சப்பாத்தா, கறுப்பா?' இதற்குள் ஒரு பிள்ளையின் சந்தேகம் எங்கே கண்ணில் படும்? அப்படியே வந்தாலும் அம்மாவின் போனிலிருந்து வருவது பெரும்பாலும் அம்மாவின் கேள்விதான். என் வகுப்பில் கேள்விகளைக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதி வரச் சொல்லியிருக்கிறேன், பாடம் தொடங்கு முன் அதைத்தான் எடுப்பேன். எழுதிவிட்டால் கூச்சப்படுகிற பிள்ளையும் வாசித்துவிடும். உங்கள் மகளையும் எழுதிக்கொண்டு போகச் சொல்லுங்கள், எந்த டீச்சரும் மாட்டேன் என்று சொல்ல மாட்டார். ஸ்கேன் விஷயத்துக்கு நன்றி தம்பி, இன்றைக்கே செய்து பார்க்கிறேன்.

வெள்ளவத்தை அம்மா:
நன்றி மிஸ், நன்றி தம்பி. டப்லட் பேச்சை இப்போதைக்கு நிறுத்தியாயிற்று. போன தவணை நோட்ஸ் முழுக்க என் போனில்தான் கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கடை திறப்பீர்களா?

கொட்டாஞ்சேனை கொமினிகேஷன்:
மத்தியானம் வரை திறந்திருக்கும். போனையே கொண்டு வாருங்கள் அக்கா, கேபிளில் இறக்கலாம். வாட்ஸ்அப்பில் மட்டும் அனுப்பிவிடாதீர்கள்.