டிராம்போனில் மெதுவான ஜாஸ் பாட்டு: மேலே போனால் சத்தம் நெரிகிறது, உதவி தேவை

செந்தூல்வாசி:
வணக்கம். இடைநிலைப் பள்ளி பேண்டில் ஐந்து வருடம் டிராம்போன் வாசித்தேன். நீண்ட இடைவெளிக்குப் பிறகு இப்போதுதான் மறுபடி எடுத்திருக்கிறேன். அக்காள் மகளின் கல்யாண விருந்தில் அமெரிக்க ஜாஸ் டிராம்போன் கலைஞர் டாமி டோர்ஸி பாணியில் ஒரு காதல் பாட்டு வாசிக்க வேண்டும். நடு சி-க்கு மேலே உள்ள எஃப் வரை சுகமாக வருகிறது. அதைத் தாண்டி பி ஃபிளாட்டைத் தொடுவதற்குள் சத்தம் ஒல்லியாகி நெரிந்துவிடுகிறது. ஏ-யிலிருந்து பி ஃபிளாட்டுக்குப் போகும்போது நடுவில் ஓர் இழுப்பு வேறு கேட்கிறது. சின்ன மவுத்பீஸ் வாங்கிப் பார்த்தேன், பலனில்லை. வீடு அடுக்குமாடியில் என்பதால் எப்போதும் பிராக்டிஸ் மியூட் (சத்தத்தைக் குறைக்கும் அடைப்பான்) போட்டுத்தான் வாசிக்கிறேன். ஏழு வாரம்தான் இருக்கிறது.

கிள்ளான் பையன்:
அண்ணே, உதட்டில் பலம் போதவில்லை. தினமும் அரை மணி நேரம் உச்ச ஸ்வரங்களையே பிடித்து நில்லுங்கள்.

ஜெலுத்தோங் டிராம்போன்:
தம்பி, அது மட்டும் வேண்டாம். களைத்த உதடு அழுத்தத்தான் பழகும். வாசித்து முடித்ததும் கண்ணாடியைப் பாருங்கள். மவுத்பீஸ் வளையத்தின் தடம் பத்து நிமிடமாகியும் மறையவில்லை என்றால், ஸ்வரத்தை மேலே தூக்குவது வாத்தியத்தை உதட்டில் அழுத்தும் உங்கள் இடது கை, மூச்சு அல்ல. மியூட்டும் அதற்குத் துணைபோகிறது. காற்று எதிர்த்துத் திரும்புவதால் நம்மை அறியாமலே முட்டி ஊதுகிறோம். வாரத்தில் இரண்டு நாளாவது திறந்த வெளியில் வாசியுங்கள்.

மேலே போகப் போகக் காற்றின் அளவு அதிகமாக வேண்டியதில்லை, வேகமாகவும் மெல்லிசாகவும் போக வேண்டும். சூடான தே தாரிக்கை ஊதி ஆற்றுவோமே, அந்த மாதிரி. கீழே வாய்க்குள் ‘ஆ’, மேலே ‘ஈ’. நாக்கு உயர்ந்தால் போதும், உதட்டை இறுக்க வேண்டியதில்லை.

இழுப்புக்குக் காரணம் வேறு. ஸ்லைடு, அதாவது இழுத்து நீட்டும் குழாய், முழுக்க உள்ளே இருந்தால் முதல் நிலை; வெளியே போகப் போக இரண்டு, மூன்று. ஏ-யை இரண்டாம் நிலையிலும் பி ஃபிளாட்டை முதல் நிலையிலும் வாசிக்கிறீர்கள், சரியா? இரண்டும் எட்டாவது ஹார்மோனிக், அதாவது ஸ்லைடை நகர்த்தாமல் உதட்டாலும் காற்றாலும் மட்டுமே கிடைக்கும் ஸ்வர வரிசையில் எட்டாவது படி. அதனால் ஸ்லைடு நகரும்போதெல்லாம் சத்தமும் கூடவே வழுக்குகிறது. பி ஃபிளாட்டை மூன்றாம் நிலையில் எடுங்கள். அது ஒன்பதாவது ஹார்மோனிக், சுருதியும் நன்றாக நிற்கும். ஸ்லைடு வெளியே போக ஸ்வரம் மேலே ஏறும். வழியில் ஹார்மோனிக் மாறுவதால் இழுப்புக்கு இடமே இல்லை.

எஃப், ஜி, ஏ, பி ஃபிளாட் என்று ஏறும்போது 1, 2, 2, 3 என்று போங்கள். ஜி மட்டும் ஏழாவது ஹார்மோனிக், இயல்பிலேயே சுருதி தாழ்ந்தது. அதற்கு ஸ்லைடை வழக்கமான இரண்டாம் நிலையிலிருந்து இரண்டரை சென்டிமீட்டர் அளவு உள்ளே வையுங்கள், மீதியைக் காது சொல்லும். ஸ்வரங்களைப் பிரிக்க நாக்கால் தட்டவே தேவைப்படாது. எனக்கு இந்த வழி பிடிபட்ட அன்று நாள் முழுக்க அந்த நான்கு ஸ்வரத்தையே வாசித்துக்கொண்டிருந்தேன்.

செந்தூல்வாசி:
நன்றி அண்ணே. தடம் கால் மணி நேரம் இருந்தது! மூச்சு பற்றியும் சொல்லுங்கள். டோர்ஸி எப்படி அவ்வளவு நீளமாக வாசித்தார்?

பிரிக்பீல்ட்ஸ் யூஃபோனியம்:
1940 முதல் 1942 வரை அவர் குழுவில் பாடிய ஃபிராங்க் சினாட்ரா அதைத்தான் பின்னால் உட்கார்ந்து கவனித்தாராம். டோர்ஸியின் முதுகில் சட்டை அசையவே இல்லை. கடைவாயில் ஊசித்துளை அளவு திறந்து கொஞ்சம் கொஞ்சமாக மூச்சு எடுத்திருக்கிறார். நான் முதலில் பாட்டை வாயால் பாடி, எங்கே மூச்சு வாங்குகிறேனோ அங்கே பென்சிலால் குறித்துக்கொள்வேன். வாத்தியத்திலும் அதே இடம்தான்.

செந்தூல்வாசி (இரண்டு வாரம் கழித்து):
காலையில் தித்திவங்சா ஏரிப் பூங்காவில் மியூட் இல்லாமல் வாசிக்கிறேன். மூன்றாம் நிலை பி ஃபிளாட் பத்துக்கு எட்டு முறை இழுப்பே இல்லாமல் வருகிறது. இடது கையை லேசாக வைத்தால் சத்தம் சின்னதாகிறது, ஆனால் நெரியவில்லை. இது சரிதானா?

ஜெலுத்தோங் டிராம்போன்:
சரிதான் தம்பி. சின்னதாகவே இருக்கட்டும், பெரிதாக்க இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது.