எண்டர்பிரைஸின் கழுத்து: ஸ்டார் ட்ரெக் கலங்களைப் பற்றி எங்கள் அனுபவங்கள்

வாழைச்சேனையிலிருந்து

1997இல் எங்கள் வீட்டு முற்றத்தில் அப்பா சொன்ன ஒரு வார்த்தை இன்னமும் என்னை விட்டுப் போகவில்லை. அப்பியாசக் கொப்பியின் நடுத்தாளில் நான் பழைய எண்டர்பிரைஸைப் பக்கவாட்டில் வரைந்து வைத்திருந்தேன். 1966இல் வந்த முதல் ஸ்டார் ட்ரெக் தொலைக்காட்சித் தொடரின் விண்கலம் அது. அப்பா பைபர் வள்ளம் கட்டுபவர். வேலையிலிருந்து வந்த கையோடு குனிந்து பார்த்தவர், மேலுள்ள வட்டத் தட்டையும் கீழுள்ள உடலையும் இணைக்கும் மெல்லிய கழுத்தின் மேல் பெருவிரலை வைத்து, "இந்த இடத்திலதான் மனே இது முறியும்" என்றார். அவருடைய விரலில் இருந்த பிசின் தாளில் ஒட்டிக் காய்ந்து, அந்தக் கழுத்து மட்டும் பளபளத்துக்கொண்டே இருந்தது.

எஞ்சின்களை ஏன் இரண்டு கால்களின் நுனியில் தூரமாக வைத்திருக்கிறார்கள் என்று அவர் கேட்டதற்கும் அன்று என்னிடம் பதில் இருக்கவில்லை. அந்தக் கலத்தை வடிவமைத்த மாட் ஜெஃப்ரீஸ், அவ்வளவு வலுவான எஞ்சின்களுக்கு அருகில் ஆட்கள் இருப்பது ஆபத்து என்று கருதியே அவற்றைத் தள்ளி வைத்தார் என்பதைப் பல ஆண்டுகள் கழித்துத்தான் வாசித்து அறிந்தேன். 2016இல் வெளிவந்த திரைப்படத்தில் எதிரிகள் முதலில் அந்த எஞ்சின்களை அறுத்தெறிந்து, பிறகு கழுத்தைத் துண்டித்தபோது, அப்பா விரல் வைத்த இடம் என் கண்முன் வந்து நின்றது. அதைச் சொல்ல அப்போது அவர் இருக்கவில்லை.

சாய்ந்தமருதிலிருந்து

உங்கள் அப்பாவின் கணிப்பை மதிக்கிறேன். ஆனால் அது அலை அடிக்கும் கடலுக்குரிய கணிப்பு. விண்வெளியில் கழுத்தை முறிக்க அலையும் இல்லை, காற்றும் இல்லை; 1987இல் தொடங்கிய தொடரிலிருந்து கலத்தின் உடலை இறுக்கிப் பிடிக்கும் ஒரு விசைப் புலத்தைப் பற்றியும் பேசுகிறார்கள். ஆகவே மெல்லிய கழுத்தைக் குறையென்று நான் சொல்லமாட்டேன்.

என்னை இன்றுவரை குடைவது வொயேஜர். 1995இல் தொடங்கிய அத்தொடரின் கலம், ஒளியை மிஞ்சும் வேகத்துக்குத் தாவுவதற்குச் சற்று முன்னர், தன் இரண்டு எஞ்சின்களையும் மேல்நோக்கி மடக்கும். காக்காவும் (என் அண்ணன்) நானும் வாடகைக்கு எடுத்த வீடியோ நாடாவை அந்த இடத்தில் நிறுத்திவிட்டோம். எஞ்சின்கள் பாதி உயர்ந்த நிலையில் படம் நடுங்கிக்கொண்டிருக்க, மாயாவலை மீன்பிடித் தோணியில் போய் வந்து பழகிய காக்கா எழுந்து நின்று சொன்னார்: "நம்மட ஆக்கள் கரைக்கு வரக்குள்ளதான் எஞ்சினத் தூக்குவாங்க. இவனுகள் ஓடப் போகக்குள்ள தூக்குறானுகள்." அவர் சொன்னது சரிதான். ஆழம் குறைந்த இடத்தில் விசிறி மணலில் இடிபடாமலிருக்கத்தான் நாம் தூக்குகிறோம். வொயேஜர் எதிலிருந்து தப்புவதற்காகத் தூக்குகிறது என்று தொடர் முழுவதும் தேடியும் மனம் நிறையும் விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

அக்கரைப்பற்றிலிருந்து

சாய்ந்தமருதுச் சகோதரருடன் என்னால் உடன்பட முடியவில்லை. அலை இல்லாவிட்டாலும் கலம் வேகமெடுக்கும்போது எஞ்சினின் தள்ளுவிசை அந்தக் கால்களின் வழியாகவும் கழுத்தின் வழியாகவும்தானே தட்டுக்குப் போய்ச் சேரவேண்டும்? கலங்களை வரைந்தவர்களே காலப்போக்கில் இதை உணர்ந்திருக்கிறார்கள் என்பது என் எண்ணம். 1979ஆம் ஆண்டுத் திரைப்படத்தில் எஞ்சின் கால்கள் அகன்று பின்னோக்கிச் சாய்ந்தன. 1987இல் வந்த தொடரின் எண்டர்பிரைஸ் டி என்ற கலத்தில் கழுத்து தடித்து அகன்றது. வொயேஜரில் தட்டும் உடலும் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. இன்னொரு தொடரில் வந்த டிஃபையண்ட் என்ற கலத்தில் கழுத்தே இல்லை.

என் சொந்த அனுபவம் மிகச் சிறியது. பாடசாலைக் கண்காட்சிக்கு மட்டையில் எண்டர்பிரைஸ் செய்தபோது நேரம் போதாமல் வலப்பக்கத்துக்கு மட்டும் வர்ணம் பூசி, மற்றப் பக்கத்தைச் சுவரோடு வைத்தேன். பார்க்க வந்த ஓர் ஆசிரியை அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் வைத்துவிட்டுப் போனார். தொடருக்காக மரத்தில் செய்த பதினொரு அடி மாதிரியிலும் இடப்பக்கம் முடிக்கப்படவில்லை, விளக்குகளுக்கான வயர்கள் அந்தப் பக்கத்தால்தான் வெளியே வந்தன என்பதை அன்று நான் அறிந்திருந்தால், அவரைக் கூப்பிட்டுச் சொல்லியிருப்பேன்.

கல்லடியிலிருந்து

எண்டர்பிரைஸின் நீளம் 289 மீற்றர். எங்கள் கல்லடிப் பாலமும் ஏறத்தாழ அவ்வளவுதான். ஒருநாள் மாலை மகளை அழைத்துக்கொண்டு, 1924இல் கட்டிய பழைய இரும்புப் பாலத்தின் ஒரு தொங்கலிலிருந்து நடந்தேன். 127 மீற்றர் அளவில் தட்டு முடிகிறது என்று நிறுத்திக் காட்டினேன். அவள் திரும்பி வந்த தூரத்தையும், வாவிக்கு மேலே மீதமிருந்த தூரத்தையும் பார்த்துவிட்டு, "இதுக்குள்ளயா அப்பா 430 பேரும் இருந்தவங்க?" என்று கேட்டாள்.

இங்கே கழுத்தைப் பற்றி வாதிடுபவர்களுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். திரையில் பார்த்து ஒப்பிடாதீர்கள். திரையில் எல்லாக் கலமும் ஒரே அளவாகத்தான் தெரியும். தடித்த மட்டையில் 20 மீற்றருக்கு ஒரு சென்ரிமீற்றர் என்று வைத்துக் கலங்களின் பக்கத்தோற்றத்தை வெட்டி எடுங்கள். பழைய எண்டர்பிரைஸ் பதினாலரைச் சென்ரிமீற்றர் வரும். 344 மீற்றர் வொயேஜர் 17 வரும். 642 மீற்றர் எண்டர்பிரைஸ் டி 32ஐத் தாண்டும். பின்னர் மட்டையின் ஓர் ஓரத்தில் ஊசியால் துளையிட்டுத் தொங்கவிட்டு, அதே ஊசியில் கல் கட்டிய நூலொன்றைத் தொங்கவிட்டு, நூல் போகும் வழியைப் பென்சிலால் கோடிடுங்கள். இன்னொரு துளையில் தொங்கவிட்டு மறுபடியும் கோடிடுங்கள். இரண்டு கோடுகளும் வெட்டும் இடம்தான் மட்டையின் ஈர்ப்பு மையம். எஞ்சினின் தள்ளுவிசை அந்தப் புள்ளியூடாகப் போகாவிட்டால், அலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் கலம் தலைகுப்புறச் சுழலத்தான் பார்க்கும். மெய்யான கலத்தில் எடை எங்கும் ஒரே சீராக இராது என்பது உண்மையே. ஆயினும் எந்தக் கலம் எந்தப் பக்கம் சுழல முற்படும் என்பதை இந்த மட்டை காட்டிவிடும். கழுத்தின் தடிப்பைப் பற்றி அதன் பிறகு பேசலாம்.

வாழைச்சேனையிலிருந்து, மீண்டும்

அக்கரைப்பற்று நண்பர் டிஃபையண்டைக் குறிப்பிட்டதால் இதை எழுதுகிறேன். கழுத்து இல்லாத அந்தக் கலமும், முதற்பரிசோதனையில் எஞ்சின்களை முழு வலுவில் ஓடவிட்டபோது தன்னைத் தானே சிதறடித்துக்கொள்ளப் பார்த்தது என்று 1994இல் அது அறிமுகமான கதையிலேயே சொல்கிறார்கள். அதன் உடம்புக்கு அந்த வலு அதிகம்.

15 குதிரைவலுவுக்கென்று கட்டிய வள்ளத்துக்கு 40 பூட்டித் தரும்படி ஒருவர் அப்பாவிடம் வந்து நின்றார். எஞ்சின் பூட்டும் பின்பலகையை அப்பா இரண்டு முறை தட்டிப் பார்த்தார். பிறகு அவருக்குத் தேத்தண்ணி கொடுத்து, எஞ்சினை அவருடைய லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரப் பெட்டியிலேயே திருப்பி ஏற்றிவிட்டார்.