டெலிகிராம் குழு அட்மின்கள்: ஸ்பேமில் நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள்

டிஎன்பிஎஸ்சி குழுக்களில் அறிவிக்கை வரும் நாளிலும் ரிசல்ட் நாளிலும்தான் ஸ்பேம் குவியும். புதிதாகச் சேருகிற கூட்டத்தோடு ஸ்பேம் போடுகிறவர்களும் நுழைந்துவிடுகிறார்கள்.

சேர்ந்ததுமே லிங்க் போடுகிற ஆளை, குழுவைக் காவல் காக்கும் தானியங்கிக் கணக்கான பாட் (bot) பிடித்துவிடும். "வணக்கம், குரூப் 4 மெட்டீரியல் இருக்கா?" என்று கேட்டுவிட்டு அமைதியாகிற ஆளைத்தான் கவனிக்க வேண்டும். சாதாரண உறுப்பினர் தன் மெசேஜை 48 மணி நேரம் வரை எடிட் செய்யலாம். எல்லோரும் தூங்கிய பிறகு அந்த வணக்கம் "வினாத்தாள் முன்கூட்டியே கிடைக்கும்" என்ற லிங்க்காக மாறியிருக்கும். அட்மின்களுக்கான 'ரீசன்ட் ஆக்‌ஷன்ஸ்' பக்கத்தில் பழைய வாசகமும் புதியதும் இரண்டுமே தெரியும். அந்தப் பதிவும் 48 மணி நேரம்தான் இருக்கும் என்பதால், தினமும் ஒரு தடவை அங்கே எட்டிப் பாருங்கள்.

மெசேஜை மட்டும் அழித்தால் ஆள் உள்ளேயே இருப்பார். டெலிட் கொடுத்ததும் வருகிற பெட்டியில் ஸ்பேம் ரிப்போர்ட், அவர் போட்ட எல்லாவற்றையும் அழித்தல், பேன் (குழுவிலிருந்து நீக்கித் தடை செய்வது) மூன்றையும் டிக் செய்யுங்கள்.

மறுமொழி:
பலர் பெர்மிஷன்ஸில் 'எம்பெட் லிங்க்ஸ்' என்பதை அணைத்துவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். அது லிங்க்கின் முன்னோட்டத்தை மட்டும்தான் மறைக்கும், லிங்க் வந்துகொண்டேதான் இருக்கும். ரோஸ் (Rose) மாதிரி ஒரு காவல் பாட்-க்கு மெசேஜ் அழிக்கவும் பேன் செய்யவும் மட்டும் உரிமை கொடுத்து, லிங்க், ஃபார்வர்டு இரண்டையும் லாக் செய்யுங்கள். கையோடு தேர்வாணையத்தின் தளத்தை அனுமதிப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஹால் டிக்கெட் லிங்க்கையே பாட் அழித்துவிடும். பாவம், உதவ வந்தவர் கோபித்துக்கொண்டு போய்விடுவார்.

மறுமொழி:
உண்மையான சேதம் குழுவுக்குள் நடப்பதில்லை, இன்பாக்ஸில் நடக்கிறது. அட்மினின் படத்தையும் பெயரையும் அப்படியே போட்டுக்கொண்டு, "சீட் உறுதி, பணம் அனுப்புங்க" என்று உறுப்பினர்களுக்குத் தனியாக எழுதுவார்கள். யூசர்நேமில் ஓர் எழுத்துதான் மாறியிருக்கும். நூறு பேருக்கு மேல் உள்ள குழுவில் 'ஹைடு மெம்பர்ஸ்' வசதி உண்டு. அதைப் போட்டால் பட்டியலை மொத்தமாக உருவ முடியாது. "அட்மின் யாருக்கும் முதலில் தனியாக எழுதமாட்டார்" என்று பின் செய்து வையுங்கள். யாராவது பணம் அனுப்பிவிட்டதாகச் சொன்னால், குழுவில் விவாதிக்காமல் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-ஐ அழைக்கச் சொல்லுங்கள். தாமதமாக ஆக, பணத்தை வங்கியில் முடக்கும் வாய்ப்பு குறையும்.

மறுமொழி:
நெடுநாள் உறுப்பினர் திடீரென்று "என் அக்கா பொண்ணுக்கு ஓட்டு போடுங்க" என்று லிங்க் போட்டால் பேன் செய்யாதீர்கள். அவருடைய கணக்கு களவு போயிருக்கும். எழுதும் உரிமையை மட்டும் நிறுத்திவிட்டு, அவருக்குப் போன் போடுங்கள். புதிதாக லாகின் ஆன சாதனத்தால் முதல் 24 மணி நேரத்துக்கு மற்ற சாதனங்களை வெளியேற்ற முடியாது. அதற்குள் அவர் தன் போனில் 'டிவைசஸ்' பக்கம் போய், தெரியாத லாகினை நீக்கி, டூ ஸ்டெப் பாஸ்வேர்டு வைத்துவிட்டால் கணக்கு தப்பித்துவிடும்.